புதிர் விளையாட்டில் ஒளிந்திருக்கும் படப் பாடம்



தமிழ் வார இதழ்களில் இரண்டு சித்திரங்களை அருகருகே அச்சிட்டு, 'ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்' என்று கேட்கும் பகுதி பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. முதல் நான்கு வித்தியாசங்கள் சட்டென்று கண்ணில் பட்டுவிடும். ஐந்தாவதற்குச் சற்று நேரமாகும். ஆறாவதுதான் ஆளை அலைக்கழிக்கும். சட்டையில் ஒரு பொத்தான் குறைந்திருக்கும்; அதைப் பார்த்தும் பார்க்காமல் கண் தாண்டிப் போயிருக்கும்.

இதே புதிரைக் கணினியிடம் கொடுத்தால் அது தேடவே தேடாது. கழித்துவிடும். கணினிக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய ஓர் அட்டவணை, அவ்வளவுதான். படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்பதை ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255, இடைப்பட்டவை சாம்பல் நிறங்கள். இந்தக் கட்டத்தைத்தான் படப்புள்ளி என்றும் பிக்சல் என்றும் சொல்கிறார்கள். வண்ணப் படமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு கட்டத்துக்கு மூன்று எண்கள். 1957ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ரஸ்ஸல் கெர்ஷ் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் செலுத்தியபோது அதில் இருந்தவை 176-க்கு 176 கட்டங்கள் மட்டுமே. இன்று சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசி ஒரு சொடுக்கில் கோடிக்கணக்கான கட்டங்களை நிரப்புகிறது.

ஆக, முதல் படத்தின் அட்டவணையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், ஒன்றுபோல் இருக்கும் இடமெல்லாம் 0 ஆகிவிடும். ஆறு இடங்களில் மட்டும் எண் மிஞ்சும். வேலை முடிந்தது.

முடிந்ததா? அந்த இதழைக் கைப்பேசியில் படமெடுத்து ஒரு மாணவர் கழித்துப் பார்க்கட்டும். ஆறுக்குப் பதிலாகப் படம் முழுவதும் வித்தியாசங்கள் கொட்டிக் கிடக்கும். ஒரு படம் மயிரிழை நகர்ந்திருக்கும். இன்னொன்றின் ஓரத்தில் வெளிச்சம் சற்றுக் குறைந்திருக்கும். கண்ணுக்கு இவை ஒரு பொருட்டல்ல. கழித்தலுக்கோ எல்லாமே வித்தியாசம். முதலில் இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருத்த வேண்டும், வெளிச்சத்தைச் சமன்செய்ய வேண்டும், அதன் பிறகே கழிக்க வேண்டும் என்பதை அந்த மாணவர் தம் தோல்வியிலிருந்தே கண்டுகொள்கிறார். மருத்துவமனையில் இரத்தக்குழாயின் படத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க, சாயம் செலுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கழிக்கிறார்கள். நோயாளி இடையில் அசைந்துவிட்டால் அங்கும் இதே தலைவலிதான்.

வானியலிலும் இந்தப் புதிருக்கு ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா என்ற இளைஞர், சில நாள் இடைவெளியில் எடுத்த வானப் படங்களை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்மீன்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. 1930 பிப்ரவரி 18ஆம் நாள் புளூட்டோ இப்படித்தான் அகப்பட்டது. அவர் செய்ததும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் வேலைதான்.

படச் செயலாக்கம் என்ற இந்தத் துறையைப் பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பாடமாக வைத்திருக்கிறார்கள். பாடநூலைத் திறந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கூட்டல் குறிகளும் தொகையீடுகளும் படை திரண்டு வந்துவிடும். கணிதம் பிடிக்காத மாணவர் அங்கேயே நின்றுவிடுவார். கணிதம் பிடித்தவரோ சூத்திரத்தை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். அது என்ன செய்கிறது என்று கேட்டால் விழிப்பார். இந்த இரண்டாமவரை எண்ணித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். மருத்துவப் படங்களையும் காவல்துறைப் படங்களையும் கையாளப்போகிறவர் அவர்தான்.

சிங்கப்பூரில் 2020 முதல் தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் எல்லாருக்கும் நிரலாக்க அறிமுகம் கட்டாயமாகிவிட்டது. மலேசியாவில் 2017ஆம் ஆண்டு படிவம் ஒன்றிலிருந்து அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாக நுழைந்தது. பிள்ளைகள் கணினி முன் சீக்கிரமே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் படம் என்றால் என்ன என்பதைச் சொல்லிக்கொடுக்கச் சூத்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புதிர் விளையாட்டுப் போதும். ஆனால் எந்த விளையாட்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாடக் கேள்வியைக் கேட்டுவிட்டு, சரியான விடைக்கு நட்சத்திரமும் கைதட்டல் ஓசையும் தருகிற கைப்பேசிச் செயலிகள் ஏராளம். அவை பழைய வினாத்தாளுக்குப் போட்ட புதுச் சட்டை. விளையாட்டின் விதியும் பாடத்தின் விதியும் ஒன்றாக இருக்கும்போதுதான் விளையாட்டு கற்பிக்கிறது.

கண்ணிவெடி தரும் பாடம்

விண்டோஸ் கணினிகள் அலுவலகங்களுக்கு வந்த புதிதில், மேலதிகாரி இல்லாத நேரத்தில் பலரும் ஆடிய மைன்ஸ்வீப்பர் விளையாட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டங்களுக்குள் கண்ணிவெடிகள் மறைந்திருக்கும். ஒரு கட்டத்தைத் திறந்தால் ஓர் எண் தெரியும். அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடிகள் இருக்கின்றன என்பதே அந்த எண்ணின் பொருள்.

படச் செயலாக்கத்தில் வடிகட்டி என்று சொல்லப்படுவதன் அடிப்படையும் இதுவே. ஒவ்வொரு கட்டத்துக்கும் போய், அதன் அண்டை வீட்டார் எட்டுப் பேரையும் விசாரித்து, அவர்கள் சொன்னதைக் கொண்டு ஒரு புதிய எண்ணை எழுதுவது. எட்டுப் பேரின் எண்களோடு நடுக்கட்டத்தின் எண்ணையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் படம் மங்கும். முகத்திலுள்ள பருவை மறைக்கக் கைப்பேசி செய்யும் 'அழகுபடுத்தல்' இதன் தூரத்து உறவு. விதியைச் சற்றே மாற்றி, அடுத்த வீட்டு எண்ணிலிருந்து தன் எண்ணைக் கழிக்கச் சொன்னால் படத்தின் விளிம்புகள் வெளிப்படும். 10, 10, 10, 200, 200, 200 என்று ஒரு வரிசை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்தால் 0, 0, 190, 0, 0. கறுப்புச் சுவர் முடிந்து வெள்ளைச் சுவர் தொடங்கும் இடம் அந்த 190. பத்து வயதுப் பிள்ளையும் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

மைன்ஸ்வீப்பரில் இன்னொரு பாதியும் உண்டு. ஆட்டக்காரர் செய்வது எண்களிலிருந்து வெடிகளைக் கண்டுபிடிப்பது. அதாவது வடிகட்டிய படத்திலிருந்து மூலப் படத்தை மீட்பது. மங்கிப்போன படத்தைத் தெளிவாக்க முயலும் பொறியாளர் செய்வதும் இதே தலைகீழ் வேலைதான். நெடுநாள் ஆடியவர்களுக்கு ஓர் எரிச்சல் நன்றாக நினைவிருக்கும். எல்லாவற்றையும் திறந்தாகிவிட்டது; மூலையில் இரண்டு கட்டங்கள் மட்டும் மிச்சம். வெடி இதிலும் இருக்கலாம், அதிலும் இருக்கலாம். சுற்றியுள்ள எண்கள் இரண்டுக்கும் சம்மதம் சொல்கின்றன. எவ்வளவு அறிவாளியானாலும் அங்கே ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த எரிச்சலைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. பின்னால் தேவைப்படும்.

நிழல் விழுந்த சுடோக்கு

நாளிதழில் வரும் சுடோக்குவைக் கைப்பேசியால் படமெடுத்து, கணினியையே விடுவிக்கச் செய்வது இன்று உலகெங்கும் மாணவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் பயிற்சி. 2011 தொடக்கத்தில் கூகள் நிறுவனம் தன் கைப்பேசிச் செயலி ஒன்றில் இதைச் செய்து காட்டியதும் பலருக்கு ஆசை பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், இதில் சுடோக்குவை விடுவிப்பது எளிய பகுதி. கணினி அதை இமைப்பொழுதில் முடித்துவிடும். படத்திலிருந்து சுடோக்குவை வெளியே எடுப்பதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

முதல் சிக்கல் நிழல். மேசைமேல் நாளிதழை வைத்துக் கைப்பேசியைப் பிடித்தால், கையின் நிழலோ கைப்பேசியின் நிழலோ தாளின் ஒரு பாதியில் விழும். மாணவருக்கு வேண்டியது ஒவ்வொரு படப்புள்ளியும் மையா, தாளா என்ற தீர்ப்பு. அவர் நடுவில் 128 என்று ஒரு வரம்பு எண்ணை வைத்து, அதற்குக் கீழே இருந்தால் மை, மேலே இருந்தால் தாள் என்று முடிவு செய்கிறார். பாதிப் பக்கம் அழகாக வருகிறது. மறுபாதி கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. காரணத்தை எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். எடுத்துக்காட்டாக, வெளிச்சத்தில் தாள் 220, மை 70 என்று இருக்கட்டும். நிழலில் தாள் 55, மை 20. நிழலில் இருக்கும் வெள்ளைத்தாள், வெளிச்சத்தில் இருக்கும் கறுப்பு மையைவிடக் கறுப்பு! இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற ஒரே வரம்பு எண் கிடையவே கிடையாது. எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பாதி கெடும்.

மனிதக் கண் இதைக் கவனிப்பதே இல்லை. நிழலில் இருந்தாலும் தாள் வெள்ளை என்று மூளை தானாகத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தம் எவ்வளவு பெரிய வேலை என்பது, அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தெரிகிறது. தீர்வு மைன்ஸ்வீப்பரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படப்புள்ளியையும் ஊர் முழுவதற்குமான ஒரே எண்ணோடு ஒப்பிடாமல், அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். நிழலில் இருக்கும் மை, நிழலில் இருக்கும் தாளைவிடக் கறுப்பு. அவ்வளவு தெரிந்தால் போதும்.

அடுத்து, சாய்த்துப் பிடித்த கைப்பேசியில் சதுரம் சதுரமாக இருக்காது. ஒரு பக்கம் குறுகியிருக்கும். படத்திலுள்ள பெரிய நான்மூலை வடிவத்தைத் தேடி, அதன் நான்கு மூலைகளையும் பிடித்து, பாயை இழுத்து விரிப்பதுபோல் சதுரமாக்க வேண்டும். பிறகு 81 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இருக்கும் இலக்கம் எது என்று படிக்க வேண்டும். பேரங்காடிகளின் வாகன நிறுத்துமிடத்தில் காரின் எண் பலகையைப் படித்துத் தடுப்பைத் திறக்கும் கருவியும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் நடக்கிறது.

கற்பிப்பவருக்கு இதில் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. கணினி ஒரு 6-ஐ 8 என்று தவறாகப் படித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் ஏற்கெனவே ஓர் 8 இருந்தால் உடனே குட்டு வெளிப்படும். இல்லாவிட்டாலும் பெரும்பாலும் புதிர் விடையின்றி முட்டி நிற்கும். ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டியதில்லை. புதிரே திருத்திக் கொடுத்துவிடுகிறது. 'என் நிரல் ஓடுகிறது' என்று மாணவர் சொல்லித் தப்பிக்க முடியாது. ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் பயிற்சி வேறொன்று கிடைப்பது அரிது.

சுடோக்குவைப் பற்றி இன்னொரு செய்தி. நல்ல சுடோக்குவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது எத்தனை இலக்கங்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டும்? 17. பதினாறு கொடுத்தால் ஒரே விடை அமையவே அமையாது என்பதை அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்குவயர் குழுவினர் 2012இல் நீண்ட கணினித் தேடலின் மூலம் நிறுவினர். தகவல் ஓர் அளவுக்குக் கீழே போனால் புதிருக்குப் பல விடைகள் வந்துவிடும். விடை கண்டுபிடித்தவர் தம்முடையதுதான் சரி என்று சாதிக்கலாம். அடுத்த மேசையில் இருப்பவரும் சாதிக்கலாம். இருவரும் விதிப்படி சரியே.

விடை ஒன்றா, பலவா?

1987ஆம் ஆண்டு தோக்கியோவில், வானுயர்ந்த கட்டடத்தின் சன்னல் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் படம் வரையும் போட்டி ஒன்று நடந்தது. அதில் பரிசு பெற்றவர் நோன் இஷிடா. சன்னல் விளக்குகளே படப்புள்ளிகள் என்ற அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது நோனோகிராம் என்னும் புதிர். டெட்சுயா நிஷியோ என்ற இன்னொரு ஜப்பானியரும் அதே காலத்தில் தனியாக இதை உருவாக்கினார். 1990இல் இலண்டனின் சண்டே டெலிகிராஃப் இதழ் வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியதும் உலகம் முழுவதும் பரவியது.

ஆட்டம் இதுதான். வெறும் கட்டங்கள். ஒவ்வொரு கிடைவரிசையின் ஓரத்திலும், ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் எண்கள். அந்த வரிசையில் எத்தனை கட்டங்களைத் தொடர்ச்சியாகக் கறுப்பாக்க வேண்டும் என்று அவை சொல்லும். எல்லா எண்களுக்கும் ஒத்துவருமாறு நிரப்பினால் பூனையோ படகோ உருவம் தோன்றும்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் இயந்திரத்தில் படுத்தவர்கள் அறியாமலே இப்படியொரு புதிரின் நடுவே படுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே கதிர் உடலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்போது, வழியில் எவ்வளவு தடை என்ற ஒரே ஒரு கூட்டுத்தொகைதான் கிடைக்கிறது. எங்கே எலும்பு, எங்கே கட்டி என்று அது சொல்வதில்லை. பல கோணங்களில் எடுத்த ஆயிரக்கணக்கான கூட்டுத்தொகைகளை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை வரைய வேண்டும். ஓரத்து எண்களிலிருந்து படத்தை மீட்கும் அதே வேலை. இதற்கான கணிதத்தை ஆஸ்திரியாவின் யோஹான் ராடோன் 1917லேயே எழுதி வைத்துவிட்டார். இயந்திரமாக்கியவர் இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ.தான். 1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டன் ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவீடுகள். ஆக 28,800 எண்கள். அவற்றிலிருந்து மீட்ட படத்தில் இருந்தவை 80-க்கு 80 கட்டங்கள், அதாவது 6,400. ஹவுன்ஸ்ஃபீல்டும், தனியே இதே கணக்கைப் போட்டிருந்த ஆலன் கோர்மாக்கும் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

6,400 கட்டங்களை நிரப்ப 28,800 எண்கள் எதற்கு? இதற்கு விடை சொல்ல நான்கு கட்டங்கள் போதும். இரண்டுக்கு இரண்டாக ஒரு சிறு சதுரத்தை வரைந்துகொள்ளுங்கள். இரு கிடைவரிசைகளிலும் ஆளுக்கொரு கறுப்பு. இரு நெடுவரிசைகளிலும் ஆளுக்கொரு கறுப்பு. நிரப்பிப் பாருங்கள். ஒருவர் இடமேலும் வலக்கீழும் கறுப்பாக்குவார். இன்னொருவர் வலமேலும் இடக்கீழும் கறுப்பாக்குவார். இரண்டு விடைகளும் சரி. எண்களைக் கொண்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. மைன்ஸ்வீப்பரின் மூலையில் மிச்சமிருந்த அந்த இரண்டு கட்டங்களைப் போலத்தான் இதுவும். இதையே சதுரங்கப் பலகையின் அளவுக்கு, எட்டுக்கு எட்டாக ஆக்கி, எல்லா வரிசைக்கும் ஒரு கறுப்பு என்றால் 40,320 விடைகள் வரும். எண்கள் ஒன்றே, படங்கள் நாற்பதாயிரம்.

நான்கு கட்டச் சதுரத்துக்கு ஒரு மாற்று இருக்கிறது. மூலைவிட்டத்தின் வழியாகவும் ஒருமுறை எண்ணிச் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. புதிய கோணத்திலிருந்து பார்த்தால் புதிய தகவல். ஸ்கேன் இயந்திரம் உடலைச் சுற்றிச் சுற்றி வருவது இதற்காகவே. அதற்காக எண்ணற்ற கோணங்களில் எடுத்துத் தள்ளவும் முடியாது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் நோயாளி கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறார். குறைவாக எடுத்தால் படத்தில் இல்லாத கீற்றுகள் தோன்றும். இந்த இழுபறியைச் சொற்பொழிவாகச் சொன்னால் மாணவர் கொட்டாவி விடுவார். இரண்டுக்கு இரண்டு சதுரத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்து மாணவரின் விடையோடு ஒப்பிடச் சொன்னால் வகுப்பில் வாக்குவாதமே மூண்டுவிடும்.

அச்சிட்டு விற்கும் புதிர்ப் புத்தகங்களில் இந்த வாக்குவாதம் வராது. ஒரே விடை வருமாறு சோதித்துத்தான் அவற்றை வெளியிடுகிறார்கள். அதனால் ஆசிரியர் அந்தப் புத்தகங்களோடு நின்றுவிடக் கூடாது. பல விடைகள் உள்ள 'கெட்ட' புதிர்களைத் தாமே தயாரித்து, அவற்றையும் கலந்து கொடுக்க வேண்டும். உலகம் தருகிற படங்களில் பெரும்பாலானவை இந்தக் கெட்ட புதிர்கள்தாம்.

மங்கலான முகம்

இது வெறும் வகுப்பறைச் சங்கதி அன்று. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியை வெளியிட்டனர். 16-க்கு 16, அதாவது 256 கட்டங்களே உள்ள மங்கலான முகப் படத்தைக் கொடுத்தால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட தெளிவான முகத்தை அது வரைந்து தரும். தோலின் துளை, இமை மயிர் எல்லாம் இருக்கும். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒருவர், முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் படத்தை மங்கலாக்கி அதில் கொடுத்துப் பார்த்தார். வெளிவந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்.

கருவி கணக்கில் பிழை செய்யவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த வெள்ளைக்காரர் முகத்தைச் சுருக்கினால் அதே மங்கல் படம்தான் ஏறத்தாழக் கிடைக்கும். 256 கட்டங்களுக்குப் பொருந்தும் முகங்கள் எண்ணிலடங்காதவை. தான் பயின்ற படங்களில் எந்த வகை முகம் அதிகமோ, அதன் பக்கமே கருவி சாய்ந்தது. ஆளை அடையாளம் காண இதைப் பயன்படுத்த முடியாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருந்தார்கள். ஆனால் தெளிவாக ஒரு முகம் திரையில் தெரியும்போது அந்த எச்சரிக்கை யார் காதில் விழும்?

அதே 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதியில் ஒருவர் தம் வீட்டு வாசலில், மனைவியும் இரு சிறு மகள்களும் பார்த்துக்கொண்டிருக்கக் கைதுசெய்யப்பட்டார். கடை ஒன்றின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான மங்கலான படத்தோடு அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம் ஒத்துப்போவதாகக் கணினி சொல்லியிருந்தது. அங்கே புதிய முகம் எதுவும் வரையப்படவில்லை; இருக்கிற முகங்களில் பொருத்தமானது தேடப்பட்டது. எனினும் சிக்கல் ஒன்றே: குறைந்த தகவல், பல விடைகள், அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து நீட்டிய இயந்திரம். காவலர் காட்டிய படத்திலிருப்பது தாம் அல்ல என்று அவர் சொன்னார். சுமார் 30 மணி நேரம் அடைத்து வைக்கப்பட்ட பிறகே வெளியே வந்தார். வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. 2024இல் நகர நிர்வாகம் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. முகம் அறியும் கணினியின் சொல்லை மட்டும் நம்பி யாரையும் கைதுசெய்யக் கூடாது என்ற விதியும் அப்போது ஏற்கப்பட்டது. 'இந்தப் படத்துக்கு வேறு விடை உண்டா?' என்ற கேள்வியை அந்தக் காவல் நிலையத்தில் முன்னதாக யாரேனும் கேட்டிருந்தால் அந்தச் சிறுமிகள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விடுபட்ட இடத்தை நிரப்புவதே குற்றம் என்று இதனால் சொல்லிவிடவும் முடியாது. தமிழர் வாசலிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. புள்ளிக் கோலத்தின் ஒரு மூலையைக் குழந்தை மிதித்துக் கலைத்துவிட்டால், கோலம் போடத் தெரிந்தவர் குனிந்து அந்த மூலையை அப்படியே மீட்டுவிடுவார். புள்ளி வரிசையும், கோடு வளையும் முறையும், நான்கு பக்கமும் ஒன்றுபோல் அமைய வேண்டும் என்ற கட்டுப்பாடும் அவருக்குத் துணை. தீபாவளியையொட்டிக் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் போடப்படும் பெருங்கோலங்களிலும் இந்தச் சமச்சீரைக் காணலாம். 1974ஆம் ஆண்டிலேயே, சென்னை தாம்பரத்திலுள்ள கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் கணினி இலக்கணம் வகுக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினர். அது வெளிவந்தது கணினி வரைகலைக்கும் படச் செயலாக்கத்துக்குமான அனைத்துலக ஆய்விதழில். அந்தத் துறையே அப்போது தவழும் குழந்தை. வாசற்கோலம் அவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பது தமிழாசிரியர்களுக்கும் கணினி ஆசிரியர்களுக்கும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

கணினி வசதி இல்லாத பள்ளியிலும் ஒரு பாடவேளையில் இதைச் செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட தாள் இரண்டு. ஒன்றில் கால்பகுதி அழிக்கப்பட்ட புள்ளிக் கோலம். மற்றொன்றில் மூக்கும் வாயும் அழிக்கப்பட்ட ஒரு முகம். முப்பது மாணவர்களுக்கும் கொடுத்து, இரண்டையும் பூர்த்தி செய்யச் சொல்ல வேண்டும். வரைந்து முடித்ததும் கோலத் தாள்கள் முப்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் இரண்டிரண்டாகப் பிடித்துப் பார்க்கட்டும். கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தும். பிறகு முகங்களை வைத்துப் பார்க்கட்டும்.